பத்தாவது விரிப்பு

பின்கட்டின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்க, சென்னையிலிருந்து பயிற்சி பெற்ற ஆட்களையே வரவழைத்திருந்தார் சிங்காரவேல். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது என்று, தான் வேலை பார்க்கும் மைன்ஸில் யாரோ சொன்னதிலிருந்து அவருக்கு அந்தக் கூரையைப் பார்த்தாலே குமட்டியது.

ஆட்கள் தரையெங்கும் பிளாஸ்டிக் விரித்து, ஷீட்டுகளை நனைத்துக் கழற்றி, மூட்டையாகக் கட்டினார்கள். வேலை முடிந்து, கை முகம் கழுவி, தண்ணீர் கேட்டான் சூப்பர்வைசர் பிரவின்குமார்.

"அங்கியே நில்லு. கிட்ட வராத, வயித்தப் பொரட்டுது" என்றார் சிங்காரவேல். அவன் குடித்த டம்ளரைக் குப்பையில் போடச் சொன்னார்.

பத்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரவின்குமார் மறுபடி வந்தான்.

"பத்து விரிப்பு கொண்டாந்தோம் சார். ஒம்போதுதான் இருக்கு. அதையும் சேத்துப் பொதைக்கணும்."

"ஒங்க அழுக்க நாங்க வச்சிக்கினு என்னா பண்ணப் போறோம்? சாப்புடற நேரத்துல வந்து நிக்கிற. வெளிய போ." அருவருப்போடு சொல்லிவிட்டு, வத்தக்குழம்புச் சோற்றுக்கு இன்னொரு கூழ்வடகத்தைக் கடித்தார்.

மனைவி சங்கீதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கெட்டி பிளாஸ்டிக்கா? மாடியில கெடக்குது. நான்தான் எடுத்தேன். வருஷா வருஷம் கிழிஞ்ச பாயில போட்டு, வடகம் பூரா கோரை ஒட்டிக்கினு வருது."

சிங்காரவேலின் வாய் அசைவது நின்றது.

"ஏங்க அப்டிப் பாக்குறீங்க? மாடியில நின்னு நல்லா உதறிட்டுத்தான் போட்டேன்."