பேருக்கு என்ன அர்த்தம்?

"அப்பா, என்னைக் காப்பாத்துப்பா. இவங்க கேக்குறதை உடனே அனுப்பிடுப்பா."

ஸ்பீக்கரில் மகள் அழுத அழுகையில் அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரே பெண். போலீசுக்குப் போனால் அவள் உயிரோடு வரமாட்டாள் என்றது கூடவே ஒரு முரட்டுக் குரல்.

அம்மா தன் போனிலிருந்து மகளின் நம்பரை அடித்துப் பார்த்தாயிற்று. ஸ்விட்ச் ஆஃப். அப்பா பேங்க் ஆப்பைத் திறந்தார். அவசரத்தில் பாஸ்வேர்டு தப்பாகப் போனது.

நாலு புத்தகம் புரட்டி, ஒரு சமஸ்கிருத வாத்தியாரை நச்சரித்து, அபர்ணா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். அதோடு அவர் வேலை முடிந்தது. ஊட்டி வளர்த்ததெல்லாம் அம்மா. வாய்க்கு ஒரு கதை அளக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பருக்கை உள்ளே இறங்காது.

அம்மா அவரிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "அழாதடி. உன் பேருக்கு என்ன அர்த்தம், சொல்லு."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? இப்பப் போய் இதைக் கேக்குற?"

"நீங்க சும்மா இருங்க. சொல்லுடி."

அந்தப் பக்கம் அழுகை நின்றது. பிறகு விசும்பலோடு பதில் வந்தது.

"பர்ணம்னா இலை. தவம் இருந்தப்ப காஞ்ச இலையைக்கூடச் சாப்பிடாம இருந்ததால பார்வதிக்கு அபர்ணான்னு பேரு. போதுமாம்மா? சீக்கிரம் அனுப்பச் சொல்லும்மா."

அட்சரம் பிசகவில்லை. அப்பா உடைந்துபோனார். "அவதான். என் பொண்ணேதான்."

அம்மா போனை கட் செய்தாள்.

"அடிப்பாவி, கொன்னுட்டியே." அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "குரலும் அவ குரல். அர்த்தமும் சரியாத்தானே சொன்னா?"

"குரலை இப்பல்லாம் மிஷினே பேசிடுது. அர்த்தத்தைச் சரியாச் சொன்னா பாருங்க, அங்கதான் இடிக்குது."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உதறல்தான். ஹாஸ்டல் வார்டனுக்கு அடித்து, அவசரம், மகளைக் கூப்பிடுங்கள் என்றாள். லைனிலேயே காத்திருந்தாள். ஒருவேளை தன் கணக்கு தப்பாகிவிட்டால்? அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

போனில் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. "என்னம்மா நீ, போன்ல சார்ஜ் இல்லேன்னா உடனே வார்டனுக்கே அடிச்சிடுவியா?"

அப்பா எழுந்து ஓடி வந்தார். அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள்.

"உன் பேருக்கு என்ன அர்த்தம்?"

"தட்டைக் காலி பண்றவ. சாப்பிட்டாச்சும்மா, ஆளை விடு."