அரை அங்குலம்

முதல் தாளை மடித்து, இரும்பு ஸ்கேலால் ஓர் இழுப்பு இழுத்ததுமே அவள் கை நின்றுவிட்டது.

மடிப்பு படத்திலிருந்த மாணவியின் கழுத்தில் விழுந்திருந்தது.

வழவழப்பான தாள். ‘எல்லோரும் ஏன் இங்கே வருகிறார்கள்?’ என்று மேலே கொட்டை எழுத்தில் கேள்வி. கீழே ஓர் ஏரி. கரையில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கும் மாணவி. ஓரத்தில் பதில்கள்: தரமான படிப்பு, சுத்தமான காற்று, சுற்றிப் பார்க்க மலைகள், தனியாக நடக்கப் பயமில்லாத தெருக்கள்.

ஆயிரம் தாள். நாளைக் காலை வெளிநாட்டுப் படிப்புக் கண்காட்சி; சாயங்காலமே வண்டி வந்துவிடும்.

அரை அங்குலம் கீழே இறக்கி மடிக்கட்டுமா என்று அச்சக முதலாளியிடம் போய்க் கேட்டாள்.

முகத்தில் மடிப்பு விழக் கூடாது என்பது தொழில் வழக்கம். அது அவனுக்கும் தெரியும்.

“முகத்துலயா விழுந்திருக்கு? கழுத்துலதானக்கா. அதை யாரு பாக்கப் போறாங்க?”

ஓரம் ஒத்து வராதே என்றான். நானே வெட்டிச் சரிசெய்கிறேன், சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டேன் என்றாள். இந்தப் பிடிவாதத்துக்கு வண்டிக்காரனையும் மடிக்க உட்கார வைக்க வேண்டியதுதான் என்று அலுத்துக்கொண்டவன், தாளை ஒருமுறை பார்த்தான்.

அவள் மகளும் இந்தத் தாள் சொல்லும் நாட்டில்தானே படிக்கிறாள்? வேலைக்குச் சேர்ந்த அன்று அவளே சொன்னது. இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அவளும் போனாளா என்று சிரித்தான்.

“இல்ல தம்பி. ஏரியைப் பாத்துப் போனா.”

என்னவோ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று முழுக்க மடித்தாள். ஒவ்வொரு முறையும் மடிப்பு புத்தகத்தின் மேல்தான் விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

வண்டி போன பிறகு, கெட்டுப்போன அந்த முதல் தாள் மட்டும் மேசையில் கிடந்தது.

காலேஜில என்னைப் படம் எடுத்தாங்கம்மா என்று, மகள் அங்கே போன முதல் மாதமே இவள் போனுக்கு வந்த அதே படம்.

தாளைத் திருப்பிப் போட்டு ஸ்கேலால் தேய்த்தாள். நகத்தால் நீவினாள். வழவழப்புத் தாளில் ஒருமுறை விழுந்த கோடு போகாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

அங்கிருந்து பெட்டி வந்து இறங்கிய அன்று, கழுத்தில் சுற்றியிருந்த துணியை விலக்க வேண்டாம் என்று எல்லோரும்தான் சொன்னார்கள்.

அவள் விலக்கிப் பார்த்தாள்.