வயரே இருக்கட்டும்

“வந்துட்டான் பாரு உன் தம்பி! சாப்பாட்டு நேரம்னா மட்டும் இவனுக்கு எப்படித்தான் மூக்குல வேர்க்குதோ!”

உள்ளறைக் கட்டிலில் படுத்தபடி டிரைவர் போட்ட சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. கதவைத் திறந்துவிட்ட அவர் மனைவிக்குச் சுருக்கென்றது. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பியோ காதிலேயே விழாதவன் மாதிரி சிரித்தான். தோளில் லேப்டாப் பை, கையில் சுருட்டிய வயர்.

வருஷக்கணக்கில் பஸ் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் விழாத மனுஷன், குளியலறையில் சோப்பு நுரை வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். காலுக்குள்ளே பிளேட், காலுக்கடியில் தலையணை. டிவியும் ரெக்கார்டரும் ஹாலில் இருந்தன. உள்ளறையில் கிடப்பவருக்கோ ஃபுட்பால் இல்லாமல் பொழுது நகராது.

ரெக்கார்டரில் பதிவான மேட்சை அவருடைய டேப்லெட்டில் ஏற்றித் தருவது மச்சினன் பொறுப்பு. டிவி, கேமரா மாட்டித் தருகிற கடை வைத்திருக்கிறான். மதியம் கடையைச் சாத்திவிட்டு வருவான். வயரைச் செருகுவான். மேட்ச் ஏறி முடிப்பதற்குள் சாப்பிட்டுவிடுவான். அப்புறம் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, முழு மேட்சையும் கூடவே பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான்.

“ஏண்டா, வயர் இல்லாமலே அனுப்பலாம்னு ரெக்கார்டர் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கே?” என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

“போட்டிருப்பாங்கக்கா. இந்த வீட்டுச் சுவரைப் பார்த்தியா, கோட்டைச் சுவரு மாதிரி! சிக்னல் தாண்டாது.”

“கேட்டுக்கோ!” என்றார் டிரைவர் உள்ளேயிருந்து. “கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் வயர்லெஸ். அக்கா வீட்டுக்கு மட்டும் வயர். வயர் இருந்தாத்தானே தினமும் தட்டு விழும்!”

தம்பி அதற்கும் சிரித்தான்.

அன்றைக்கு இரண்டு பேரும் உள்ளே “கோல்! கோல்!” என்று கத்திக்கொண்டிருக்க, ஹால் சோபாவில் சும்மா சாய்ந்தவள் அப்படியே அசந்துபோனாள். தம்பி கிளம்பும்போதுதான் கண் விழித்தாள்.

அவன் தலை மறைந்ததும் டிரைவர் ஆரம்பித்தார். “ரெண்டாவது தடவையும் சோறு கேட்டான், கவனிச்சியா?”

அவளுக்குப் பொறுக்கவில்லை. தூக்கி வளர்த்த தம்பி. அவன் சாப்பிடுவதை ஒருத்தர் எண்ணிக்கொண்டிருப்பதா? இந்த வயர் விவகாரத்துக்கு முடிவு கட்டியே தீருவது என்று மறுநாள் காலையில் ரெக்கார்டர் கம்பெனிக்கு போன் போட்டாள்.

“செட்டிங்ஸ்ல வயர்லெஸ்னு இருக்கா மேடம்?” என்றது ஒரு பெண் குரல்.

“இருக்கும்மா. ஆஃப்னு காட்டுது.”

“யாரோ ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க. ஆன் பண்ணிட்டு, மேட்சை அனுப்பிப் பாருங்க.”

அனுப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். அதில் ஒரு பச்சைக்கோடு மெல்ல நீள ஆரம்பித்தது.

“வயரைவிட மெதுவாத்தான் போகும் மேடம். ஆனா பக்கத்துல ஆளே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வைத்தாள் அந்தப் பெண்.

கோடு நிற்கவே இல்லை. கோட்டைச் சுவரும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படியென்றால் இவர் சொன்னதுதான் நிஜமா? ஒரு வேளைச் சோற்றுக்காகவா தம்பி பொய் சொன்னான்?

உடனே போனில் அவனைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “எதுக்குடா வயர்லெஸ் வராதுன்னு புளுகின? பசிச்சா உரிமையா வந்து சாப்பிட வேண்டியதுதானே? உனக்கு இல்லாத சோறாடா இந்த வீட்டுல?”

“அக்கா, மாமாகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“அப்பாடா! சொல்லிடாதே. முதல் நாளே வயர்லெஸ்ல போட்டுக் கொடுத்தேன்க்கா. ஜம்முனு வேலை செஞ்சுது. மாமாதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘மாப்ள, இதை அணைச்சுட்டு நாளைலேர்ந்து வயரோட வா. ராத்திரியெல்லாம் உங்கக்கா எனக்காக முழிச்சுக் கிடக்கிறா. பகல்ல கொஞ்சம் படுன்னா துணி மடிக்கப் போயிடுறா. இன்னிக்கு நீ என் பக்கத்துல உட்கார்ந்து பேசுற சத்தம் கேட்டதும்தான் நிம்மதியாத் தூங்கினா’ன்னு சொன்னார்.”

“அப்புறம் ஏண்டா தினமும் உன்னை அந்தத் திட்டுத் திட்டுறார்?”

“அதுவும் ஏற்பாடுதான். சும்மா வா வான்னு கூப்பிட்டா உனக்குச் சந்தேகம் வந்துடுமாம். ஆனா ஒண்ணுக்கா, நேத்து ரெண்டாவது தடவை சோறு மட்டும் நிஜமாவே பசிச்சுத்தான் கேட்டேன்.”

சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாய் வந்தன. போனை வைத்தாள்.

“ஏய், அங்கே யார்கூடப் பேச்சு? டேப்லெட்டை வச்சு என்ன பண்ற?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதட்டல் மாதிரிதான் இருந்தது. அதில் இருந்த பதற்றம் இன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது.

பச்சைக்கோடு பாதியைத் தாண்டியிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயர்லெஸ்ஸை ஆஃப் செய்தாள்.

“ஒண்ணுமில்லீங்க, வயர் இல்லாம வருதான்னு பார்த்தேன்! இந்தச் சுவரைத் தாண்ட மாட்டேங்குது. உங்க மச்சினனையே வரச் சொல்லிட்டேன்!”