படம் நிக்க மாட்டேங்குது

“படம் நிக்க மாட்டேங்குது, டீச்சர்,” என்றார் சர்வேயர்.

டீச்சர் ரிசீவரை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். காலை மணி பதினொன்று. “எந்தப் படம்? நேத்து போட்டீங்களே, அந்த வீடா?”

“அதேதான். ஓட விட்டா டிவியில வீடு வருது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அது காணாமப் போயி, பழையபடி வெறும் எழுத்துதான் நிக்குது.”

“கிராபிக்ஸ் மோடுக்கு மாத்தினீங்களா?”

“மாத்தினேனே. முதல் வரியே அதுதான்.”

“கோட்டுக்கு என்ன கலர்?”

“வெள்ளை.”

“பச்சை கொடுத்துப் பாருங்க. நாளைக்குச் சொல்லுங்க.”

பச்சைக்கும் படம் நிற்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு அது தெரியாதா என்ன?

அந்தக் கம்ப்யூட்டர் அவருடையதுதான். வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். டிவியோடு இணைத்தால்தான் எதுவும் தெரியும். “அந்தக் குப்பையையெல்லாம் கழிச்சுக் கட்டுங்கம்மா,” என்று வெளிநாட்டிலிருந்து மகன் சொல்லிக்கொண்டே இருந்ததால் பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். வந்தது ஒரே ஒரு ஆள், ஓய்வு பெற்ற சர்வேயர். “சும்மா வீட்டுப் பிளான் போட்டுப் பழகலாம்னு,” என்று சொல்லி, தடிமனான கையேட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாளே போன் வந்தது. “வட்டம் போடச் சொன்னா திட்டுது, டீச்சர்.”

“நீங்க எழுத்து மோடுல இருக்கீங்க, சார். அதுக்கு எழுத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது. வட்டம், கோடெல்லாம் கிராபிக்ஸ் மோடுக்கு மாத்தினாத்தான்.”

மறுநாள், ஒரு வரியில் நாற்பது எழுத்துக்கு மேல் வரவில்லை என்றார். அதற்கு மறுநாள், படம் வந்தால் எழுத்து அழிந்துபோகிறது என்றார். அரை நிமிஷச் சந்தேகம், முக்கால் மணி நேரப் பேச்சு. முழங்கால் வலி, தண்ணீர் வராத குழாய், எதிர்வீட்டு நாய் எல்லாம் நடுவில் வந்து போகும்.

மகனும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான். “சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? வச்சுடட்டுமா?” மூன்றே கேள்வி.

அதனால்தான், படம் நிற்கவில்லை என்று சர்வேயர் கேட்டபோது டீச்சருக்கு நாக்கு நுனிவரை வந்த பதில் உள்ளே போய்விட்டது. அதையும் சொல்லிவிட்டால் அவருக்குக் கேட்க வேறென்ன இருக்கப் போகிறது? பச்சைக்குப் பிறகு மஞ்சள் சொன்னார். கோட்டை மெதுவாகப் போடச் சொன்னார். வயரைக் கழற்றி மாட்டச் சொன்னார். பதினெட்டு நாள் இப்படியே ஓடியது.

பத்தொன்பதாம் நாள் சர்வேயரின் குரல் களைத்திருந்தது. “எனக்குத்தான் மண்டையில ஏறல போல. தினமும் உங்க உயிரை வாங்கறேன்.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஒரு நல்ல மனுஷனை இப்படியா அலைக்கழிப்பது?

“சார், எழுதிக்கோங்க,” என்றார். “போட்ட வேலை முடிஞ்சதும் அது தானாவே எழுத்து மோடுக்குத் திரும்பிடும். அது முடியாம பாத்துக்கணும். கடைசி வரி நூறுன்னு வச்சுக்கோங்க. அந்த வரியில ‘நூறுக்குப் போ’ன்னு கொடுத்துடுங்க. அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கும். படமும் நிக்கும்.”

அந்தப் பக்கம் பென்சில் கீறும் சத்தம் கேட்டு நின்றது.

“அவ்வளவுதானா, டீச்சர்?”

“அவ்வளவுதான், சார்.”

“சரி... அப்ப வச்சுடறேன்.”

மறுநாள் பதினொரு மணிக்கு போன் வரவில்லை. ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் பன்னிரண்டு மணிவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தானே கூப்பிடலாம் என்றால், என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஒரே வரியில் முடிகிற விஷயத்துக்குப் பதினெட்டு நாள் இழுத்தடித்தது அவருக்குப் புரிந்திருக்கும். கோபம்தான். இல்லை, உடம்புக்கு ஏதாவதா?

ஐந்தாம் நாள், அவர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போன விலாசத்தைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

கதவைத் திறந்த சர்வேயர் திகைத்து நின்றார். முகச்சவரம் செய்து நாலைந்து நாளாகியிருக்கும்.

“போனே வரலியே, சார். உடம்புக்கு முடியலையோன்னு பயந்துட்டேன்.”

“உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். கேக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல.”

டீச்சர் வாசலில் நின்றபடியே சொன்னார். “நீங்க என்னை மன்னிக்கணும். அந்தப் படம் ஏன் நிக்கலேன்னு எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லிட்டா நீங்க கூப்பிட மாட்டீங்களேன்னுதான்...”

சர்வேயரின் காதுமடல் சிவந்துபோயிற்று.

“சரி, இப்ப நிக்குதா? கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன், பாத்துட்டுப் போறேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல வழிவிட்டார். டீச்சர் உள்ளே போனார். போனுக்குப் பக்கத்தில் கையேடு விரிந்து கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் தேதி குறித்திருந்தார். எங்கே தேடியும் அந்த வீட்டில் டிவி இல்லை. சுவரோரம் இருந்த பெட்டியில், டீச்சர் கம்ப்யூட்டரை வைத்து ஒட்டிக்கொடுத்த டேப் ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது.