இரண்டாவது பின்னல்

மரகதவல்லியின் மரபணு அட்டையில் சிவப்புக் கோடு இருந்தது. சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட அவள் நுரையீரலை வீங்கவைத்து உயிரைப் பறித்துவிடலாம். மகள் இமயாவுக்குப் பச்சைக் கோடு. இரண்டு நாள் தும்மலோடு சரியாகிவிடும். அதனால் மகள் தும்மினால் அம்மா பத்து நாள் மாடியறைக்குப் போய்விடுவாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும் மகளுக்கு அம்மா ஒரு பக்கம் சடை பின்னி முடித்தபோது, கண்ணாடியில் இமயாவின் முகம் சிவந்திருந்தது.

“ஏன்டி மூச்சைப் பிடிச்சிட்டிருக்க? தும்மல் வருதா?”

“நேத்தே வந்துச்சும்மா. தலையணைக்குள்ள தும்மிட்டேன்.”

மரகதவல்லியின் கை நின்றது.

“அப்பா பின்னுனா தேங்காய் நார் மாதிரி இருக்கும். இந்தப் பக்கமும் பின்னிட்டுப் போம்மா.”

மரகதவல்லி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். இமயா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா எப்போதையும்விட மெதுவாகப் பின்னினாள்.