நோயாளி அங்கே இருக்கிறான்

"என் மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்கு? நோயாளி அங்க இருக்கான், அங்க பாரு!"

நான் போட்ட சத்தத்தில், அடுத்த அறையில் கட்டுப்போடப் பழகிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். ஆம்புலன்ஸ் பயிற்சியில் சேருவதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் துணித் தொழிற்சாலையில் இருந்தவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். இது அவளுக்கு மூன்றாவது முயற்சி. இதிலும் கோட்டைவிட்டால் திரும்பவும் தையல் மெஷின்தான்.

கட்டிலில் நடிகன் கிடந்தான். அவனும் பயிற்சிக்கு வந்தவன்தான். இன்று அவனுக்கு, சர்க்கரை இறங்கி மயங்கிக்கொண்டிருக்கும் ஆள் வேடம். கையைக் காலை உதறி, கண்ணைச் சொருகி, என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. என்னோடு சேர்ந்து தேர்வு நடத்த வேண்டியவர் லீவு போட்டுவிட்டார். அவர் பங்குப் பதினாறு பேரையும் அலுவலகத்தில் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டு டப்பா பைக்குள் அப்படியே இருந்தது.

ஏசி பெயருக்கு ஓடியது. என் முதுகு நனைந்துவிட்டது. இவள் என்னடாவென்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

"ம், மேல சொல்லு."

எங்கள் தேர்வில் பாதி வேலை வாயால்தான். கையுறை போட்டுவிட்டேன், இடம் பாதுகாப்பாக இருக்கிறது, மூச்சு பார்க்கிறேன் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாடி பார்க்க நடிகனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

தேர்வுக்கு வருகிற எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. கை நோயாளியின் மேல் இருக்கும், கண் என் முகத்தில் இருக்கும். புருவம் சுருங்கினால் தப்பு, தலை அசைந்தால் சரி என்று என்னைப் படித்தே பாஸாகிவிடலாம் என்று நினைப்பு. நடுரோட்டில் ஒருவன் விழுந்து கிடக்கும்போது பக்கத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேனா? பதினோரு வருடமாகக் கத்துகிறேன். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று தாளை எடுத்து, அவளுக்கான கட்டத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பேனா கையில் நிற்காமல் வழுக்கியது. ஓர் உருப்படியான பேனா வாங்கித்தர வக்கில்லாத அலுவலகம்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்றாள் தையல்காரி.

கேள்வி சரி. ஆனால் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அவனைக் கேளுடி!"

பயிற்சிக்கு வந்த யாரையும் நான் ஒருநாளும் 'டி' போட்டதில்லை. சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. அதற்கும் அவள் மேல்தான் கோபம் வந்தது.

"சர்க்கரை பார்க்கிறேன்" என்றாள்.

பயிற்சிப் பையில் நிஜ மீட்டரும் நிஜ ஊசியும் இருக்கும். ஆனால் யாரும் யாரையும் குத்துவதில்லை. வாயால் சொன்னால் போதும், அட்டையில் இருக்கும் எண்ணை நான் படிப்பேன். அதுதான் வழக்கம்.

அட்டையை எடுத்தேன். எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. எவன் அச்சடித்தான் இதை? கண்ணருகே கொண்டுபோனேன். அப்போதும் தெரியவில்லை.

"இரு, சொல்றேன். சொல்றேன்ல!"

அவள் இருக்கவில்லை. கட்டிலில் கிடப்பவனை அப்படியே விட்டுவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது. மூன்றாவது முயற்சியில்.

எழுந்து ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது. கால் ஒத்துழைக்கவில்லை.

என் இடது கையைப் பிடித்தாள். உதறினேன். மறுபடி பிடித்தாள். பன்னிரண்டு வருடம் ஊசியோடு பிழைத்த கை. குத்தியதே தெரியவில்லை.

"நாப்பத்தொண்ணுதான் இருக்கு, எழுபதாவது இருக்கணும்" என்றாள். பிறகு கட்டிலைப் பார்த்து, "டேய், டீ மேசையில சர்க்கரை இருக்கு, எடுத்துட்டு ஓடியா!"

நடிகன் அசையவில்லை. நோயாளி எழுந்து ஓடினால் மார்க் போய்விடும் என்று பயந்திருப்பான். இரண்டாவது தடவை அவள் போட்ட சத்தத்துக்கு முன்னால் நான் போட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

விழுங்க முடிகிறதா என்று முதலில் பார்த்தாள். அப்புறம் சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தாள். கால்மணி நேரம் கழித்து இன்னொரு விரலில் குத்திப் பார்த்துவிட்டு, என் பையிலிருந்த டப்பாவைத் திறந்து மடியில் வைத்தாள்.

அறை குளிராகத்தான் இருந்தது. அட்டையில் எண்கள் பளிச்சென்று, ஒழுங்காக நின்றன.

காலை ஆறரைக்கு நான் இன்சுலின் போட்டுக்கொண்டது இங்கே யாருக்கும் தெரியாது. எனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. தெரிந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்பார்கள் என்று இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. காரணமில்லாமல் ஒருவன் எரிந்து விழுந்தால் அவன் சர்க்கரையைப் பாருங்கள் என்று இவர்களுக்குச் சொல்லித்தந்தவளே நான்தான்.

அலுவலகத்தின் மேல் இருந்த கோபம் மட்டும் இறங்கவில்லை. அது சர்க்கரையால் வந்ததல்ல.

தையல்காரி திரும்பக் கட்டிலருகே போய் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், மொதல்லேருந்து செய்யட்டுமா?"

கீழே விழுந்து கிடந்த தாளை எடுத்துப் பார்த்தேன். கோழி கிளறிய மாதிரி என் கையெழுத்து.

'நோயாளியைக் கவனிக்கவே இல்லை. தோல்வி.'