கண்ணாடிக்கு அடியில் ஒரு கடலை

பழைய கிடங்கின் இருண்ட மூலையில் ஒரு பூசணிச் செடி முளைத்து, வெளிறிப்போய் நின்றது. கூரை ஓட்டை வழியே சாய்ந்து வந்த வெயில், தரையில் கிடந்த கண்ணாடித் துண்டில் பட்டு, செடியைத் தாண்டிச் சுவரின் உச்சிக்குப் போனது.

"கண்ணாடியக்கா, வெயில் படாம இன்னும் ரெண்டு நாள்தான் தாங்குவேன்" என்றது செடி.

"அக்கா அழுக்கா இருக்காங்க, அதான்!" என்று கிடங்குக்குள் ஓடிவந்த அணில் ஒன்று தன் வாலால் கண்ணாடியைத் துடைத்தது. சுவர் இன்னும் பளிச்சென்று ஆனது. ஒளி மட்டும் கீழே இறங்கவில்லை.

"துடைச்சது போதும் தம்பி. வெயில் வர்ற பக்கத்து ஓரத்தைத் தூக்கு" என்றது கண்ணாடி.

அணில் தூக்கியது. ஒளி சுவரில் சறுக்கி இறங்கியது. விட்டதும் மேலே ஓடிவிட்டது.

"தினமும் இதைப் பிடிச்சுக்கிட்டே நிக்கவா?" என்று அணில் சிணுங்கியது. பிறகு வாயில் ஒதுக்கியிருந்த கடைசிக் கடலையை எடுத்து, ஒருமுறை முகர்ந்துவிட்டு, தூக்கிய ஓரத்தின் அடியில் திணித்தது. ஒளி நேராக இலையில் வந்து உட்கார்ந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று செடி கூவியது.

அடுத்த மாதம் அந்த மூலையில் உள்ளங்கை அகல மஞ்சள் பூ விரிந்தது. அணில் தினமும் அந்தக் கடலையைத் தின்னாமல் மூன்று முறை சுற்றி வந்துவிட்டு, வாலை நிமிர்த்திக்கொண்டு வெளியே போகும்.